தொப்பிக்காகவா செத்தவை? வேலூர்க் கோட்டை, 1806: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வேலூர் என்ற பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். எந்தத் தெருவில் கேட்டாலும் இருதயம் என்றோ சிறுநீரகம் என்றோ அங்கே போய் வந்த ஒருவர் இருப்பார். நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படித்தான் போனேன். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள் சும்மா கிடைத்தது. அம்மா லொட்ஜில் படுத்திருக்க, நான் கோட்டையைப் பார்க்க நடந்தேன்.

எங்கள் கோட்டை முருகைக்கல். ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணம், பக்கத்திலேயே கடல். வேலூர்க் கோட்டை கருங்கல், சுற்றிவர அகழி நிறையத் தண்ணீர். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம். வெளியே நாற்சந்தியில் 1806ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எதிராகக் கிளர்ந்து செத்த சிப்பாய்களுக்கு ஒரு நினைவுத் தூண். பஸ்சும் ஓட்டோவும் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன. வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிவந்த ஒரு தேதியின் முன்னால் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குத் திரும்பியபின் ரியூட்டரியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். வழக்கம்போல ஐந்து தலைப்பு: அரசியற் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், சமயக் காரணங்கள், இராணுவக் காரணங்கள், உடனடிக் காரணம். பிள்ளைகள் கொப்பியில் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“சேர், ஒரு தொப்பிக்காகவா இவ்வளவு பேர் செத்தவை?”

“இல்லைப் பிள்ளை” என்று சொன்னேன். ஆனால் அடுத்த வசனம் வாயில் வரவில்லை. அந்த ஐந்து தலைப்பில் ஒன்றும் அவளுடைய கேள்விக்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடி எழுதியதுதான் இது.

அந்த இரவு

1806 யூலை 10, விடிய இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. கோட்டைக்குள் இரண்டு வகைப் படை. ஒன்று, இங்கிலாந்து அரசரின் 69ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்த நான்கு பிரிவுகள். மற்றது, கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் காலாட்படையைச் சேர்ந்த மூன்று பட்டாலியன்கள், ஏறத்தாழ 1,500 சிப்பாய்கள். சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் பெண்சாதி பிள்ளைகளோடு இருப்பவர்கள். மறுநாள் விடியற்காலையில் அணிவகுப்பு இருந்தபடியால் அன்று இரவு கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொல்லியிருந்தார்கள். முதல்நாள் அங்கே திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கலியாணம். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சிப்பாய்கள் நித்திரையில் இருந்த கொட்டகைகளை இந்தியச் சிப்பாய்கள் சுற்றிவளைத்துக் கதவாலும் யன்னலாலும் சுட்டார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த அதிகாரிகளும் சுடப்பட்டார்கள். கோட்டைத் தளபதி கேணல் ஃபான்கோர்ட் அப்படித்தான் இறந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. இதை மறைத்து எழுதுவது அந்தச் சிப்பாய்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. 14 அதிகாரிகளும் 69ஆவது ரெஜிமென்டில் 115 பேரும் மாண்டார்கள். விடிந்தபோது கோட்டையில் மைசூரின் கொடி பறந்தது. திப்புவின் மகன் ஃபத்தே ஐதரை அரசன் என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அவர்களிடம் திட்டம் இருக்கவில்லை. ஒரு பகுதியினர் பொருட்களைக் கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள். வாசலைக்கூடச் சரியாகக் காக்கவில்லை. உயிர் தப்பிய வெள்ளைச் சிப்பாய்கள் அறுபது பேரளவில் மதிலுக்கு மேல் ஏறி நின்று சமாளித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி 16 மைல் தள்ளியிருந்த ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து கேணல் ரொலோ கில்லெஸ்பி 19ஆவது குதிரைப்படையோடு வந்தார். கயிறு பிடித்து மதிலேறி மேலே நின்றவர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னால் வந்த பீரங்கி வாசலை உடைத்தது. குதிரைகள் உள்ளே நுழைந்தன. அந்தக் குதிரைகளில் மதராஸ் குதிரைப்படையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் இந்தியர்கள்தான்.

அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேரளவில் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணை எதுவும் கிடையாது. அன்று மட்டும் இறந்த சிப்பாய்கள் 350 பேர் என்பது குறைந்த மதிப்பீடு. 800 என்று சொல்வோரும் உண்டு. பிறகு நடந்த விசாரணையின் முடிவில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள். மூன்று பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன, அவற்றின் பெயரே படைப் பட்டியலில் இல்லாமல் போயிற்று.

தலையில் என்ன வைத்தார்கள்

1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி சேர் ஜோன் க்ராடொக்கின் காலத்தில் புதிய விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதியையோ சமயத்தையோ காட்டும் குறி இடக்கூடாது. கடுக்கன் போடக்கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசை எல்லோருக்கும் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதோடு புதிய மாதிரியில் ஒரு தலைப்பாகை. பார்வைக்கு அது ஐரோப்பியர் போடும் தொப்பி போலவே இருந்தது. அதில் தோலால் செய்த குஞ்சம் வேறு.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். விடிய எழும்பி முகம் கழுவித் திருநீறு பூசாமல் படியிறங்காத வீடுகள் இன்றும் எங்கள் ஊரில் உண்டு. அந்த நெற்றியை அழித்துவிட்டு வா என்று மேலதிகாரி சொன்னால் என்ன நடக்கும்? முஸ்லிம் சிப்பாய்க்குத் தாடி அப்படி. இருவருக்கும் பொதுவாக அந்தத் தோல். மாட்டுத் தோலா பன்றித் தோலா என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இந்துவையும் முஸ்லிமையும் ஒரே நாளில் ஒரே கவலையில் நிறுத்திவைத்தது அந்த விதி.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ‘தொப்பிக்காரன்’ என்றாலே வெள்ளைக்காரன், அல்லது அவன் மதத்தில் சேர்ந்தவன். தொப்பி போட்ட சிப்பாயைக் கடைத்தெருவில் ‘அடுத்தது ஞானஸ்நானம்தானே’ என்று கேலி செய்தால் அவனுக்குச் சொந்தக்காரர் பெண் கொடுக்கமாட்டார்கள், ஒரே பந்தியில் சோறு போடமாட்டார்கள். சமயக் காரணம் என்று நாங்கள் இரண்டு சொல்லில் எழுதிவைப்பது அந்த மனிதனுக்குக் கலியாண வீட்டில் எங்கே உட்காருவது என்ற பிரச்சினை. சம்பளம் தரும் கம்பனிக்கும் சாப்பாடு போடும் சொந்தத்துக்கும் நடுவே அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அப்போது படைவேலையை விட்டால் அவனுக்குப் போக இடமும் இல்லை. 1799இல் சிறீரங்கப்பட்டணம் விழுந்து மைசூர்ப் படை கலைந்தது. 1801இல் கர்நாடக நவாப்பின் ஆட்சி கம்பனியிடம் போனது. அதே ஆண்டில் பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆயுதம் பிடித்துப் பிழைத்த குடும்பங்களுக்குக் கூலி கொடுக்க மிச்சமிருந்தது ஒரே எசமான். அங்கேயும் எவ்வளவு காலம் உழைத்தாலும் சுபேதாருக்கு மேலே ஏற முடியாது. நேற்றுக் கப்பலிறங்கிய வெள்ளைப் பொடியனும் அவனுக்கு மேலதிகாரி. இதெல்லாம் கொப்பியில் இருக்கிற காரணங்கள்தான், எல்லாம் உண்மையும்கூட. ஆனால் இவை பல வருடமாக இருந்தவை. 1806 யூலை 10 என்ற ஒரு குறிப்பிட்ட இரவை இவை விளக்கமாட்டா.

சொல்லிப் பார்த்தார்கள்

நான் இந்த நிகழ்வில் அதிக நேரம் நின்ற இடம் 1806 மே முதல் யூலை வரையான இரண்டு மாதம்.

மே மாதத் தொடக்கத்தில் வேலூரிலேயே, அப்போது அங்கே இருந்த வேறொரு பட்டாலியன், 4ஆவது ரெஜிமென்டின் இரண்டாவது பட்டாலியன், தலைப்பாகையைப் போடமாட்டோம் என்றது. யாரையும் அடிக்கவில்லை, சுடவில்லை. போடமாட்டோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். 21 பேரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இருவருக்குக் கசையடியும் வேலைநீக்கமும். அந்த இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மற்ற 19 பேரும் மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். பட்டாலியனை வேலூரிலிருந்து மாற்றிவிட்டார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பட்டாலியன்கள் என்ன கற்றுக்கொண்டிருக்கும்? வாய் திறந்து மறுத்தவனுக்கு முதுகு கிழிந்தது. அப்படியானால் இனி வாய் திறக்கக்கூடாது. வெளியே அமைதி, உள்ளே இரகசியக் கூட்டம். யூலையில் கிளம்பியவர்கள் மே மாதத்தில் நடந்ததைப் பார்த்துத்தான் இரகசியமாகத் திரண்டார்கள் என்பது என் கணிப்பு. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது நீதிமன்றம்.

யூன் நடுவில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், கிளர்ச்சி ஒன்று தயாராகிறது என்று நேராகவே சொன்னார். அதிகாரி விசாரித்தார். யாரிடம் விசாரித்தார்? பட்டாலியனின் இந்திய அதிகாரிகளிடம். அவர்களில் சிலர் அந்தத் திட்டத்திலேயே இருந்தவர்கள். இவனுக்குப் புத்தி சரியில்லை என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்று பிடித்து அடைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் கம்பனி அவருக்குப் பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தது.

அவரை நினைக்கும்போது எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. தன் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர் என்றும் சொல்லலாம், இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான உயிர் போகாமல் தடுக்கப் பார்த்தவர் என்றும் சொல்லலாம். தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட வெள்ளை அதிகாரிக்குத் தன் கீழே இருந்த 500 மனிதரில் ஒருவரோடும் நேராகப் பேசிப் பழக்கமில்லை என்பது மட்டும் தெளிவு. பழகியிருந்தால் உண்மை தெரிய இவ்வளவு சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது.

யூன் கடைசியில் க்ராடொக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. தலைப்பாகைக்கு எங்கும் எதிர்ப்பு இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஆளுநர் வில்லியம் பென்டிங்கின் சபையைக் கேட்டார். கொடுத்த கட்டளையில் பின்வாங்கினால் பலவீனமாகத் தெரியும் என்று நினைத்தார்கள். கட்டளை நின்றது. கிளர்ச்சி முடிந்த சில நாளிலேயே அதே கட்டளையை வாபஸ் வாங்கினார்கள். ஒரு கடிதத்தில் முடிந்திருக்கவேண்டியது அது.

சரி, திப்புவின் குடும்பம்? விசாரணைக் குழு இரண்டு காரணம் சொன்னது: ஒன்று உடை விதிகள், மற்றது திப்புவின் பிள்ளைகள் அங்கே இருந்தது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. 1799இல் திப்பு இறந்தபின் அந்தக் குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களைத் தொடர்ந்து மைசூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் பேட்டையில் வந்து குடியேறினார்கள். அரண்மனை வேலைக்காரர் சிப்பாய்களோடு பேசினார்கள், உசுப்பேற்றினார்கள், கொடியும் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் மே மாதத்தில் முதலில் மறுத்தவர்கள் ஒரு ராசாவைக் கேட்கவில்லை. தங்கள் நெற்றியைத்தான் கேட்டார்கள். அது மறுக்கப்பட்டபின்தான் ராசாவின் நினைப்பு வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் குற்றம் முழுவதும் அரண்மனைக்குப் போய்விடும், கட்டளை போட்டவர் தப்பிவிடுவார். அன்று சிலர் அப்படித்தான் எழுதவும் செய்தார்கள்.

அந்தத் தலைப்பாகையை வடிவமைத்தவர்

இனி வருவதை எங்கள் ஊரிலிருந்து எழுதுகிறபடியால்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அந்தத் தலைப்பாகைக்கு ‘அக்னியூ தலைப்பாகை’ என்று பெயர். பற்றிக் அலெக்சாண்டர் அக்னியூ அப்போது மதராஸ் படையில் அஜுடன்ட் ஜெனரல், அதாவது படையின் நிர்வாகத்துக்குப் பொறுப்பான அதிகாரி. இந்தப் பெயரை இலங்கை வரலாற்றிலும் வாசித்திருக்கிறேன். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையில் ஆங்கிலேயர் தரப்பில் பேசிக் கையெழுத்து வைத்தவர் மேஜர் அக்னியூ.

யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு முன்னரே, 1795 செப்டெம்பர் 28இல், சண்டையில்லாமல் கைமாறிவிட்டது. அன்றிலிருந்து 1798 வரை யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் கரையோரம் முழுவதையும் ஆண்டது சென்னைக் கோட்டை. அதாவது வேலூரை ஆண்ட அதே கந்தோர். ரொபேர்ட் அன்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி வருவாய்க்குப் பொறுப்பாக வந்தார். முதலியார்களையும் மற்ற உள்ளூர்த் தலைமைக்காரரையும் ஒதுக்கிவிட்டு, சோழமண்டலக் கரையிலிருந்து அமில்தார் என்ற வரி அதிகாரிகளையும் துபாஷ் என்ற மொழிபெயர்ப்பாளர்களையும் கொண்டுவந்து இறக்கினார். தென்னை மரம் ஒன்றுக்கு ஒரு பணம் என்று வரி போட்டார்கள். வரி வசூலிக்கும் உரிமை குத்தகைக்குப் போனது.

வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். அது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், ஆனாலும் சொல்லவேண்டும். ஊரார் பட்ட கஷ்டம் வந்தவனின் மொழியால் குறையவில்லை. மரத்தை எண்ணுகிறவனுக்கு ஊரில் யாரையும் தெரியாது, குத்தகைப் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறவன். எந்த மரம் காய்க்கிறது, எது பட்டுப்போனது, எது விதவையின் வளவில் நிற்கிற ஒற்றை மரம் என்று பார்த்து விட்டுக்கொடுத்த பழைய தலைமைக்காரன் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் பனையை நினைத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். ஒரு வளவில் பத்துப் பனை நின்றால் அதுதான் ஒடியல், அதுதான் வேலி, அதுதான் கூரை.

1797இல் கொழும்பைச் சுற்றியிருந்த கோறளைகள், அதாவது ஊர்ப்பிரிவுகள், கிளர்ந்தன. அடக்கப் படை அனுப்பியும் முடியவில்லை. சென்னையிலிருந்து ஆளுநர் ஹோபார்ட் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். தலைவர் ஜெனரல் த மியூரன். அதில் ஓர் உறுப்பினர் அக்னியூ. குழு கண்டது இதுதான்: மக்கள் பழகிய வழிமுறையை ஒரே அடியில் மாற்றியது பிழை, உள்ளூர்த் தலைவர்களை ஒதுக்கியது பிழை, தென்னை வரி பிழை. முதலியார்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள், வரியை எடுக்கச் சொன்னார்கள். அப்படியே நடந்தது. ஊர் அமைதியானது. 1798இல் பிரெடரிக் நோர்த் தேசாதிபதியாக வந்தார், 1802இல் இலங்கை சென்னையின் கையிலிருந்து முழுவதாக விடுபட்டு முடிக்குரிய நாடானது.

ஆகவே அக்னியூவுக்குக் காரணங்கள் தெரியும். தெரிந்ததோடு, காரணத்தை நீக்கினால் கிளர்ச்சி அடங்கும் என்பதையும் கண்ணால் கண்டவர்.

அடுத்து அவர் பெயர் வருவது 1801இல். பாஞ்சாலங்குறிச்சியை இரண்டாம் முறை அழித்த படைக்கும், காளையார்கோயிலை வளைத்த படைக்கும் தலைவர் அவர். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களை ஒக்டோபர் 24ஆம் தேதி அங்குள்ள திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் அந்தப் படைதான். அந்த யூனில் திருச்சியில் சின்ன மருது ஒட்டிய பிரகடனம், கம்பனிக்கு வேலை செய்யும் சிப்பாய்களையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருந்தது. அதை அவர் வாசிக்காமல் இருந்திருக்க முடியாது.

நான்கு வருடம் கழித்து அதே மனிதர் ஒரு தலைப்பாகையை வரைந்தார். அதை எல்லோர் தலையிலும் ஒரே அடியில் ஏற்றச் சொன்னார்கள்.

1797இல் அவர் விசாரணையாளர். கிளர்ந்த மக்களோடு அவருக்குத் தனிப்பட்ட பகை கிடையாது, பிழை செய்தவர் அன்ட்ரூஸ். அதனால் கேட்க முடிந்தது. 1806இல் எதிர்ப்பு வந்தது தான் போட்ட கட்டளைக்கு. இடையில் 1801 வேறு இருந்தது. படை நடத்தி அடக்கினால் அடங்கும் என்று அந்த வருடம் காட்டியிருந்தது. இரண்டு அனுபவத்தில் எதை அவர் கையில் எடுத்தார் என்று பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது. அதிகாரத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரியாததால்தான் கிளர்ச்சி வருகிறது என்று நான் முன்பு நினைத்திருந்தேன், அப்படியே கற்பித்தும் இருந்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

வேறு இடங்களில்

முதலில் வாய் திறந்து மறுத்தவனைத் தண்டிக்கிற இதே அடையாளம் மற்றக் கிளர்ச்சிகளிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். 1824இல் கல்கத்தாவுக்குப் பக்கத்துப் பராக்பூரில், பர்மாப் போருக்குப் போகச் சொன்ன சிப்பாய்கள் தங்கள் சாமான் சுமக்க மாடு கேட்டார்கள். கிடைக்காமல் அணிவகுப்பில் நகரமாட்டோம் என்று நின்றபோது பீரங்கியால் சுட்டார்கள். 1857 ஏப்ரல் 24இல் மீரட்டில் 85 குதிரைவீரர்கள் கொழுப்புப் பூசியது என்று பேச்சடிபட்ட தோட்டாவைத் தொடமாட்டோம் என்றார்கள். மே 9இல் மற்றப் படையினர் முன்னால் நிறுத்தி, சீருடையைக் கழற்றி, காலில் விலங்கு பூட்டினார்கள். மே 10இல் மீரட் எழுந்தது, அடுத்த நாள் டெல்லி. கொழுப்பை உடனடிக் காரணம் என்று எழுதுகிறோம். என்னிடம் கேட்டால் உடனடிக் காரணம் அந்த விலங்கு.

வன்னியில் 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை இதோடு சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. அது தன் நிலத்தையும் ஆட்சியையும் இழந்த ஒரு தலைவனின் போர். சிப்பாயின் கதை வேறு, அவன் கம்பனியின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அதே கம்பனிக்கு எதிராகத் திரும்பியவன். இரண்டையும் ஒரே தலைப்பில் அடைத்தால் இருவருக்கும் அநியாயம்.

ஆனால் எங்கள் ஊரின் வேறொரு கதையைச் சேர்க்கத்தான் வேண்டும். வேலூருக்குப் பத்து வருடம் கழித்து, 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் கம்பனி அவர்களை இருக்கவிடவில்லை. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று சிப்பாய்கள் நினைத்தால் இன்னொரு வேலூர் வந்துவிடும் என்ற பயம் கம்பனிக்காரரிடம் அப்போதும் இருந்தது. இலங்கை வேறு கையில் இருந்தபடியால் இங்கே இடம் கிடைத்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று பள்ளிக்கூடங்கள் எழும்பின. சிப்பாய்க்கு இருந்த அதே பயம் இங்கேயும் வந்தது: நெற்றி போய்விடுமோ, பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பிறகு அச்சுக்கூடம் போட்டார், கோயில்களில் பிரசங்கம் செய்தார். எதிர்ப்புக் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அச்சு இருந்தது, கேட்க ஆள் இருந்தது. மே மாதத்து 21 பேருக்கு அணிவகுப்பு மைதானம் மட்டும்தான் இருந்தது.

பிறகு

பென்டிங்கையும் க்ராடொக்கையும் 1807இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்ப வந்து, உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்யுமுன், சிப்பாய்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று படை அதிகாரிகளிடம் ஒவ்வொருவராக விசாரித்தார். அவர் ஒருவராவது மறக்கவில்லை.

வேலூர்க் கோட்டை வெறுமையாகக் கிடக்கவில்லை. 1816இல் கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரமராஜசிங்கனைக் குடும்பத்தோடு கொண்டுபோய் அங்கேதான் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்துமண்டபம் இருக்கிறது. அன்று பின்னேரம் அங்கேயும் போனேன். வாசலில் நின்ற காவலாளி என் தமிழைக் கேட்டுவிட்டு “சிலோனா?” என்று கேட்டார். ஆம் என்றேன். உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு கல்லறையாகக் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு வருகிற எங்கள் ஆட்களில் சிலர் இங்கேயும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்களாம்.

இந்தத் தவணைப் பரீட்சையில் ஐந்து தலைப்புக் கேள்வியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டேன்: ‘1806 யூலை 10இல் நடந்ததை எந்த நாளில் தடுத்திருக்கலாம்? ஏன்?’ நிறையப் பேர் விதிகள் வந்த நவம்பரை எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் முஸ்தபா பேக்கை எழுதினார்கள். கசையடி விழுந்த நாளை எழுதியவர்கள் ஐந்தாறு பேர். தொப்பியைப் பற்றிக் கேட்ட பிள்ளையின் தாளை ஆவலோடு தேடி எடுத்தேன். அவள் எழுதியிருந்தது வேறு: 1797, கொழும்பு, விசாரணைக் குழு அறிக்கையை அக்னியூ எழுதி முடித்த நாள்.